தலையில் அடிபட்ட தம்பியை எங்கே சேர்ப்பது?

பாம்பனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"என் தம்பிக்கு 31 வயது. விசைப்படகில் போகிறவன். ஐந்து வாரத்துக்கு முன்னால் உச்சிப்புளி பக்கத்தில் பைக்கில் வரும்போது கார் இடித்துவிட்டது. ஹெல்மெட் போடவில்லை. மதுரையில் ஆபரேஷன் செய்து மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். 16 நாள் நினைவே இல்லை. இப்போது பேசுகிறான், ஆனால் ஆஸ்பத்திரியைப் படகு என்கிறான். மனைவியை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பொழுது சாய்ந்தால் மூக்கு டியூபைப் பிடுங்குகிறான், அதனால் கையைக் கட்டி வைக்கிறார்கள். வலது கை, கால் பலம் குறைவு. அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். சென்னையில் ஒரு தனியார் சென்டரில் மூன்று மாதம் விட்டால் கம்ப்யூட்டர் பயிற்சி, ரோபோ மெஷின் எல்லாம் வைத்துச் சரியாக்கித் தருகிறோம் என்கிறார்கள், ஒரு நாளைக்கு 6,000 ரூபாய். வேலூரில் சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கி எல்லாம் பழக வேண்டுமாம். அண்ணன், வீட்டுக்கே கூட்டி வந்து பிசியோதெரபி கொடுக்கலாம் என்கிறார். பெரியப்பா ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். படகில் எங்கள் பங்கை விற்றால் சென்னைக்குக் கட்டலாம். எது சரி?"

அன்புள்ள சகோதரி,

படகுப் பங்கை இப்போதைக்கு விற்க வேண்டாம். காரணமெல்லாம் கீழே சொல்கிறேன், ஆனால் அதைப் படித்து முடிப்பதற்குள் வீட்டில் யாராவது அட்வான்ஸ் வாங்கிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அடிபட்டவரை மறுபடி குளிக்க, உடுத்த, சாப்பிட, தொழிலுக்குப் போகப் பழக்குவது என் வேலை. பெரிய மருத்துவமனை வார்டுகளில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, இப்போது ராமநாதபுரத்தில் இருந்தபடி மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று வீடு வீடாகவும் போய்ப் பார்க்கிறேன். வார்டில் நன்றாகச் செய்தவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்பதை இரண்டு பக்கமும் பார்த்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் படித்த வரி, ஆஸ்பத்திரியைப் படகு என்கிறான் என்பது. அது பைத்தியம் இல்லை. மூளை விழித்துவிட்டது, ஆனால் நடப்பதைப் பதிந்து வைத்துக்கொள்ள அதற்கு இன்னும் முடியவில்லை. படுத்திருக்கும் இடம் குறுகலாக இருக்கிறது, தலை சுற்றுகிறது, ராத்திரியிலும் விளக்கு எரிகிறது, சுற்றிலும் ஆட்கள் பேசுகிறார்கள். அவருக்குத் தெரிந்த உலகத்தில் இப்படி இருக்கும் இடம் படகுதான், அதனால் படகு என்கிறார். இந்த நிலைக்கு போஸ்ட் ட்ரமாட்டிக் அம்னீசியா என்று பெயர், காயத்துக்குப் பிறகு வரும் மறதிக் குழப்பம். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், ஏன் இங்கே வந்தோம் என்பதை அவராகவே நாளுக்கு நாள் மாறாமல் சொல்ல ஆரம்பித்தால் அந்தக் கட்டம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடிபட்ட அன்று எவ்வளவு நினைவு இருந்தது என்று போடும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் எண்ணைவிட இந்தக் குழப்பம் எத்தனை நாள் நீடித்தது என்பதைத்தான் நாங்கள் அதிகம் கவனிப்போம். ஒளிக்காமல் சொல்கிறேன், நான்கு வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் அது மிகக் கடுமையான காயம் என்ற வகையில்தான் வரும். பழைய ஆள் அப்படியே திரும்பி வருவார் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஆனால் இதே வகையில் இருந்தவர்கள் நடந்து, பேசி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் தேறுவது வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாக, ஆனால் இரண்டு வருடம் ஆன பிறகும் நிற்காது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் பணத்தைப் பங்கு போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு வேண்டிய பணத்தை 90 நாளில், அதுவும் 5,40,000 ரூபாயாக, ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் நான்காவது மாதம் கையில் என்ன இருக்கும்?

சரி, எது நல்லது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் சென்னை, வேலூர் இரண்டும் இரண்டு ஊர் மட்டும் இல்லை, இரண்டு வழி. சென்னை வழியில் நினைவு, கவனம், கை வலு என்று தனித்தனியாகப் பிரித்து மேசையிலும் திரையிலும் மெஷினிலும் பயிற்சி கொடுப்பார்கள். அட்டையில் படம் பொருத்துவது, நிறக் குச்சிகளைத் துளையில் செருகுவது, திரையில் வரும் எண்ணைத் தட்டுவது, இப்படி. வேலூர் வழியில், குளிப்பது, சட்டை போடுவது, டீ போடுவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது என்று நிஜ வேலையையே பயிற்சியாக வைப்பார்கள்; நினைவும் கவனமும் அதற்குள்ளேயே பழகிக்கொள்ளும்.

என் மனதை விட்டுப் போகாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் ஆறு வாரம் இருந்தார். மேசைப் பயிற்சியில் கெட்டிக்காரர். குச்சி செருகுவதில் வார்டிலேயே வேகம், படம் பொருத்துவதில் தப்பே வராது, பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்ட மதிப்பெண்கள் வாரா வாரம் ஏறின. வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள்தான் அவரை அடுப்பு முன்னால் நிறுத்தினோம். பாத்திரத்தை எடுத்தார், பால் ஊற்றினார், டீத்தூள் போட்டார், சர்க்கரையும் அளவாகப் போட்டார், அடுப்பின் மேல் வைத்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பற்ற வைக்கவில்லை. மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம், பால் கொதிக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். தப்பு நடந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது, எது தப்பு என்று பிடிபடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. இருபது வருடம் டீ ஆற்றிய கை! ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட அடுப்படிக்குக் கூட்டிப் போகாமல் குச்சி செருக வைத்துக்கொண்டிருந்தோமே என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் மனைவிக்கும் நாங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்வை நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஆளாகத்தான் அவரை வைத்திருந்தோம்.

மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் இதுதான் சிக்கல். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வந்து சேராது. திரையில் கவனம் கூடினால் அது திரையில்தான் கூடும், மீன் ஏலக்கூடத்தில் கூடும் என்று சொல்ல முடியாது.

இது என் ஒருவருடைய அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 மறுவாழ்வு மையங்களில் உள்நோயாளிகளாக இருந்த 2,000 பேருக்கு மேல், ஒவ்வொரு தெரபி நேரத்திலும் என்ன செய்தார்கள் என்பதைக் குறித்து வைத்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், நிஜ வேலையை வைத்துப் பழகிய நேரம் யாருக்கு அதிகமோ அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு வந்த ஒரு வருடத்தில் வெளியே போவது, ஆட்களோடு கலப்பது, பொறுப்புகளை ஏற்பது இவற்றில் மேலாக இருந்தார்கள். வித்தியாசம் மலையளவு இல்லை, மிதமானதுதான். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. 2008-இல் அமெரிக்காவில் ராணுவத்தினரையும் முன்னாள் ராணுவத்தினரையும் 360 பேரை வைத்து இதே இரண்டு வழிகளையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்புவதிலும் தனித்து வாழ்வதிலும் மொத்தத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்தது. இளைஞர்களில் மட்டும் மூளைப் பயிற்சிப் பக்கம் இருந்தவர்கள் வேலைக்குத் திரும்பியது கொஞ்சம் அதிகம். ஆகவே சென்னைக்காரர்கள் செய்வது வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்கு, இந்தக் கட்டத்தில், அதை முதலில் வைக்க வேண்டாம் என்கிறேன். கிழமை தெரியாதவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் களைப்பும் கோபமும்தான் மிஞ்சும். தெளிந்த பிறகு, ஆறாவது ஏழாவது மாதத்தில், கணக்கு எழுதவும் போன் பார்க்கவும் வரும்போது அந்தப் பயிற்சிக்கு இடம் இருக்கிறது, அதற்கு அங்கேயே தங்க வேண்டியதும் இல்லை.

அப்படியானால் குழப்பம் தெளியும் வரை சும்மா படுக்க வைப்பதா? முன்பு அப்படித்தான் நினைத்தார்கள், தெளிந்தால்தான் கற்க முடியும் என்று. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் 104 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வந்தது. குழப்பத்தில் இருக்கும்போதே தினமும் பல் தேய்ப்பது, முகம் கழுவுவது, உடுத்துவது ஆகியவற்றை ஒரே வரிசையில், தப்பு செய்ய விடாமல் கூடவே கைபிடித்துப் பழக்கினார்கள். பழக்கியவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது தன் வேலையைத் தானே செய்வதில் மேலாக இருந்தார்கள், இதனால் அவர்களுக்கு ஆவேசம் கூடவும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில் நிற்காதவருக்கும் கை பழகும். அது வேறு நினைவு. உங்கள் தம்பிக்கு இப்போது வாய் சொல்வதைவிடக் கை அதிகம் தெரிந்து வைத்திருக்கும்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். வீட்டில் வலை கட்டும் பிளாஸ்டிக் ஊசி இருக்கும், கொஞ்சம் நூலும் கண்ணி விட்டுப்போன பழைய வலைத் துண்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். காலை வேளையில், நன்றாக உட்கார வைத்த பிறகு, வலையை மடியில் போட்டு ஊசியைக் கையில் கொடுங்கள். "இது என்ன சொல்லு பார்ப்போம்" என்று கேட்க வேண்டாம். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு துண்டை எடுத்துச் செய்யுங்கள். தொண்டிப் பக்கம் ஒருவர் மகள் பெயரே தெரியாத நாட்களில் முதல் கண்ணியைப் போட்டார், முடிச்சை இழுத்து இறுக்கி, பழக்கத்தில் நூலைப் பல்லால் கடித்தார். அதைப் பார்த்துவிட்டு அவர் அம்மா வெளியே போய் அழுதார். வலது கை பலம் இல்லாததால் உங்கள் தம்பி தடுமாறலாம், அப்போது அவர் கையின் மேல் உங்கள் கையை வைத்து இழுங்கள். பத்து நிமிஷம் போதும்.

வேலூர் வழியை நான் முன்னால் வைப்பதற்கு இதுதான் காரணம். மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து இடுப்புக்குக் கீழ் அசைவில்லாமல் போனார், அப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தார், அவர் தலைமையில் 1966-இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. அதை ஆரம்பித்தவரே அடிபட்டு எழுந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் பெயரைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம், எந்த இடமானாலும் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெங்களூரில் மூளை, மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் மூளைக்காயத்துக்கான மறுவாழ்வுப் பிரிவு உண்டு, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வீட்டு ஆளை உள்ளே விடுகிறார்களா, தெரபி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாமா, மறுவாழ்வு டாக்டர், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி, சைக்காலஜிஸ்ட் எல்லோரும் வாரம் ஒரு முறையாவது ஒன்றாக உட்கார்ந்து இவரைப் பற்றிப் பேசுகிறார்களா, வீட்டுக் கக்கூஸ் எப்படி, வாசல் படி எத்தனை என்று அவர்களாகவே உங்களிடம் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். வாசல் படியைப் பற்றிக் கேட்காத சென்டர், ஆள் வீட்டுக்குப் போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். "நீங்கள் வர வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடம் உங்கள் வீட்டுக்கு ஆறுதலாகத் தெரியும், ஆனால் மூன்று மாதம் கழித்து அவரைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள் இல்லையே.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் தெரபி என்று விளம்பரம் செய்தால் அதிலும் மயங்காதீர்கள். ஹாங்காங்கில் 68 பேரைப் பிரித்து ஒரு பிரிவுக்கு நான்கு மணி நேரம், இன்னொரு பிரிவுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2007-இல் வெளியான ஆய்வு. நான்கு மணிக்காரர்கள் முதல் சில மாதத்தில் முந்தினார்கள், அப்புறம் வித்தியாசம் மங்கிவிட்டது. நேரம் கூடினால் சீக்கிரம் தேறலாம், அந்த அளவுக்கு உண்மை. ஆனால் காயம்பட்ட மூளை சீக்கிரம் களைக்கும். அரை மணி பயிற்சி, அரை மணி ஓய்வு என்று ஆளைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த இடம்தான் வேண்டும்.

இனி அண்ணன் சொன்னது, நேரே வீட்டுக்கு. அதற்கும் ஆதாரம் உண்டு. 2000-இல் வந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஆய்வில் 120 பேரில் பாதிப் பேர்போல எட்டு வாரம் உள்ளே தங்கிப் பயிற்சி எடுத்தார்கள், மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள், வாரம் ஒரு முறை நர்ஸ் போனில் அரை மணி பேசி என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். ஒரு வருடத்தில் வேலைக்குத் திரும்பியவர்கள் உள்ளே இருந்தவர்களில் 90 சதவீதம், வீட்டில் இருந்தவர்களில் 94 சதவீதம். இதைக் காட்டி அண்ணன் உங்களை மடக்கலாம்! ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நடந்து பேசித் தெளிந்தவர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்திருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ராணுவப் பணிக்குத் தகுதியாவதில் உள்ளே தங்கியவர்கள்தான் மேல். உங்கள் தம்பி 16 நாள் நினைவில்லாமல் இருந்தவர், டியூபில் சாப்பிடுகிறவர். நேரே வீடு என்பது இப்போது வேண்டாம். நான்கு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை உள்ளே இருந்து, டியூபை எடுத்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழகி, குளிப்பது சாப்பிடுவதில் ஒரு வரிசை பிடிபட்ட பிறகு, அண்ணன் சொல்வது சரியாகிவிடும். வாரம் ஒரு முறை பேச ஒரு தெரபிஸ்ட் இருந்தால் போதும் என்ற இடத்துக்கு அப்போது வந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தபின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாற்றுத்திறனாளி சான்றிதழ், தொடர் சிகிச்சை பற்றி விசாரியுங்கள்.

ஏர்வாடி பற்றிப் பெரியப்பாவிடம் மரியாதையோடுதான் பேச வேண்டும். தர்காவில் துவா செய்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, எத்தனையோ குடும்பங்களுக்கு அது தைரியம் கொடுக்கிற இடம். ஆனால் தம்பியை அங்கே தங்க வைக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் இதை மறந்தவர்கள் இருக்க முடியாது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதோடு உங்கள் தம்பிக்கு இருப்பது மூளையில் காயம், தலையில் ஒரு பக்கம் எலும்பே இல்லை. கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கையைக் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூபைப் பிடுங்குகிறவரை நர்ஸ்கள் கட்டுவது வேறு வழி தெரியாமல்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டக் கட்ட ஆவேசம் ஏறும், ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியாதே. பொழுது சாயும் நேரத்தில் பார்க்க வரும் கூட்டத்தை நிறுத்துங்கள். சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை. இரண்டு பேருக்கு மேல் கட்டிலருகே வேண்டாம், டிவி வேண்டாம், ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், "நான் யாருன்னு தெரியுதா" என்ற பரீட்சை வேண்டவே வேண்டாம். தெரியாது என்றால் அவருக்கு அவமானம், தப்பாகச் சொன்னால் உங்களுக்கு அழுகை. "நான் அக்கா வந்திருக்கேன், நாம மதுரை ஆஸ்பத்திரியில இருக்கோம், பைக்ல அடிபட்டுது, தேறிட்டு வர்ற" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், ஒரு நாளைக்கு இருபது தரமானாலும் அதே வார்த்தைகளில். கையில் துணி உறை மாட்டலாம், மறுவாழ்வு வார்டில் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைக்கலாம், விழுவதற்குக் கட்டிலே இருக்காது. அடங்க வைக்க மருந்து கொடுத்தால் என்ன மருந்து, எத்தனை நாள் என்று கேளுங்கள், அரைத் தூக்கத்தில் வைத்திருந்தால் பயிற்சி எதுவும் ஏறாது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், திடீரென்று ஆவேசம் கூடினால் காய்ச்சல், மூத்திரம் அடைப்பு, மலச்சிக்கல், வலி, வலிப்பு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஊரில் பாசம்தான் ஆபத்து. டியூபை எடுக்கச் சொல்லி, கஞ்சியும் மீனும் பிசைந்து படுக்க வைத்தே ஊட்டிவிடுவார்கள். விழுங்கும் தசை சரியில்லை என்றால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். தண்ணீர்தான் இன்னும் மோசம், கெட்டியான கூழைவிடச் சீக்கிரம் புரை ஏறும். ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்குவதைச் சோதித்துச் சொல்லும் வரை வாயில் எதுவும் வேண்டாம்.

எலும்பு இல்லாத பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது, எழுந்து நடக்கும்போதெல்லாம் ஹெல்மெட். எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன் எப்போது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே தேதி கேட்டு எழுதி வாங்குங்கள், சிலருக்கு அதற்குப் பிறகு தெளிவே ஒரு படி கூடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

பணம் எங்கே போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள், மூளைக்காயத்துக்கு அதை ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. சிட்டிகோலின் என்ற மாத்திரையும் ஊசியும் தலைக்காயம் பட்ட பலருடைய சீட்டில் பார்க்கிறேன். 1,213 பேரை வைத்து 2012-இல் வந்த பெரிய ஆய்வில் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. சீட்டில் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், இது அவசியமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கார் இடித்த வழக்கில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிவிட்டீர்களா? மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதம்தான் கெடு. ஒரு தொகை தருகிறோம், சமாதானமாகப் போகலாம் என்று யாராவது வந்தால் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். அவரால் எவ்வளவு முடியும், வாழ்நாள் முழுக்க ஆள் துணை வேண்டுமா என்பதே இன்னும் தெரியாத நேரம் இது. எல்லாப் பில்லையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

தம்பி மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, பெயர் மாற்றிக் கூப்பிடுகிறார் என்பதைத் தவிர. வேலூரில் யார் தங்குவது என்று பேசும்போது எல்லாவற்றையும் அவர் தலையிலேயே தள்ளிவிடாதீர்கள், அவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பாதி நாள் அவர், பாதி நாள் நீங்கள் என்று மாறி மாறி இருங்கள், இரண்டு பேருமே பயிற்சியைக் கற்றுக்கொண்டால்தான் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் பார்க்க முடியும். தம்பி தேறிய பிறகும் சட்டென்று கோபப்படுவது, யோசிக்காமல் பேசுவது எல்லாம் இருக்கும், அது மனைவி மேல்தான் முதலில் வந்து விழும். அது காயம் பேசுவது என்று வீட்டுப் பெரியவர்கள் அவருக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

கடலுக்கு எப்போது போவான் என்று வீட்டில் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். இந்த வருடம் அந்தப் பேச்சே வேண்டாம். ராத்திரி முழிப்பு வலிப்பைக் கொண்டுவரும், ஆடும் தளத்தில் வலது கால் நிற்காது, தண்ணீரில் விழுந்தால் யாரும் பார்க்காமலே போய்விடலாம். கரை வேலையில் ஆரம்பிக்கலாம், வலை கட்டுவது, ஐஸ் கணக்கு, ஏலத்தில் அண்ணனோடு நிற்பது. படகில் பங்கு கையில் இருந்தால்தான் அந்தக் கரை வேலை அவருக்குச் சொந்த வேலையாக இருக்கும், அதனால்தான் விற்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

வேலூருக்கு எழுதும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், இப்போது என்ன செய்ய முடிகிறது என்று போனில் எடுத்த இரண்டு நிமிஷ வீடியோ மூன்றையும் அனுப்புங்கள். இடம் கிடைக்க நாள் ஆகலாம், அதனால் இன்றே அனுப்புங்கள், கூடவே மதுரையிலேயே தினமும் காலை பல் தேய்ப்பதையும் முகம் கழுவுவதையும் ஒரே வரிசையில் ஆரம்பித்துவிடுங்கள். வலைத் துண்டைக் கொடுத்தபோது கை என்ன செய்தது என்று எனக்கு எழுதுங்கள், இடது கையா வலது கையா என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு அடுத்தது என்ன பழக்கலாம் என்று சொல்கிறேன்.